மானுக்கு விதைப்பதற்கு முன்: அமில மண்ணை அளப்பதும் திருத்துவதும்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறந்தால் விதைக் கடைகளில் கூட்டம் கூடுகிறது. வருகிறவர்களில் பலர் உழவர்கள் அல்லர். சொந்தமாகக் கொஞ்சம் காட்டு நிலம் வைத்திருப்பவர்களும், வேட்டைப் பருவத்துக்காக நண்பர்களோடு சேர்ந்து காட்டைக் குத்தகைக்கு எடுத்தவர்களும்தான் அவர்கள். பைன் மரங்களுக்கு நடுவே அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று வெளியாக்கி, வெள்ளைவால் மானும் காட்டு வான்கோழியும் மேய்வதற்கென்றே குளோவர், ஓட்ஸ், கோதுமை விதைக்கிறார்கள். அறுவடை என்று ஒன்று கிடையாது. விளைவதை விலங்குகள் நின்ற இடத்திலேயே தின்றுவிட்டுப் போகும். இத்தகைய துண்டு நிலத்தை இந்தக் கட்டுரையில் தீவனத் திட்டு என்று குறிப்பிடுகிறேன்.

விதை நன்றாகவே முளைக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் குளோவர் விரல் உயரத்தில் தேங்கி, இலை வெளிறி நிற்கும். உரம் போட்டாலும் தெளியாது. அடுத்த கோடைக்குள் குளோவர் இருந்த இடத்தை ப்ரூம்செட்ஜ் என்ற முரட்டுப் புல் பிடித்துக்கொள்ளும். விதை சரியில்லை, மழை பெய்யவில்லை, மான் அளவுக்கு மீறி மேய்ந்துவிட்டது என்று காரணங்கள் அடுக்கப்படும். அந்த வட்டாரத்தில் இவற்றுக்கெல்லாம் முன்பாகச் சந்தேகிக்க வேண்டியது மண்ணின் அமிலத்தன்மையை. விதைக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கை மண் பரிசோதனைக்குச் செலவழித்திருந்தால் விதைக்கும் முன்பே அது தெரிந்திருக்கும்.

ஆனால் பரிசோதனை செய்தவர்களும் தவறுகிறார்கள். மண் எவ்வளவு அமிலமாக இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த அமிலத்தை விட்டுக்கொடுக்க மண் எவ்வளவு மறுக்கும் என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த விடையை வைத்துக்கொண்டு இரண்டாவதற்கும் விடை சொல்ல முயல்வதிலிருந்துதான் சுண்ணாம்பு இடுவதில் நடக்கும் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. இவை இரண்டையும் தாண்டி மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: இந்த இடத்தில் மண்ணை மாற்றுவதா, பயிரை மாற்றுவதா? இந்த மூன்றையும் பற்றி இதுவரை தெரியவந்திருப்பதை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மழை கழுவிய மண்

வர்ஜீனியாவிலிருந்து கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி வரை விரிந்து கிடக்கும் நிலத்தின் பெரும்பகுதியை மண்ணியலாளர்கள் அல்டிசால் என்ற வகையில் சேர்க்கிறார்கள். வட கரோலினாவின் மாநில மண்ணாகக் குறிக்கப்படும் செசில் என்ற செம்மண் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடக்கே மூடியிருந்த பனிப்பாறைகள் இவ்வளவு தெற்கே வந்ததில்லை. ஆகவே பாறை அரைபட்டுப் புது மண் உருவாகும் வாய்ப்பு இங்கே ஏற்படவில்லை. மிக நீண்ட காலமாக வெயிலும் மழையும் ஒரே மண்ணின் மேல் வேலை செய்திருக்கின்றன. மழைநீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோக, அவை இருந்த இடத்தை ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடித்துக்கொண்டன. எஞ்சியிருப்பது கயோலினைட் என்ற களிமண் கனிமமும் இரும்பு ஆக்சைடுகளும். சத்துகளைப் பிடித்துவைக்கும் திறன் இவற்றுக்குக் குறைவு.

இதன்மேல் மனிதர் செய்ததும் சேர்ந்தது. பருத்தியும் மக்காச்சோளமும் புகையிலையும் தலைமுறை தலைமுறையாக விளைந்து, இருந்த கொஞ்சம் கால்சியத்தையும் எடுத்துச் சென்றன. பிறகு வந்த அம்மோனியா உரங்கள் அமிலத்தைக் கூட்டின. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும்போது மண் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் அயனிகளை வெளியிடுகின்றன. ஒரு கிலோ தழைச்சத்தை அம்மோனியம் சல்ஃபேட்டாக இட்டால் அது உண்டாக்கும் அமிலத்தை ஈடுகட்ட ஏறக்குறைய ஐந்து கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். யூரியாவாக இட்டால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தீவனத் திட்டில் ஆண்டுதோறும் யூரியா தூவுகிறவர் ஆண்டுதோறும் கொஞ்சம் அமிலத்தையும் விதைக்கிறார்.

தமிழ்நாட்டுச் சமவெளி உழவருக்கு இந்தப் படம் தலைகீழாகத் தோன்றும். நம் வயல்களில் பேசப்படும் தொல்லை பெரும்பாலும் களரும் உவரும். அமில மண் என்றால் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களைத்தான் நினைக்கத் தோன்றும். இந்த வேறுபாட்டை இங்கே சொல்லக் காரணம் ஜிப்சம். களர் நிலத்தைத் திருத்த நாம் இடும் ஜிப்சம் கால்சியம் சல்ஃபேட். அதில் கால்சியம் உண்டு, அமிலத்தை நடுநிலையாக்கும் கார்பனேட் இல்லை. ஆகவே அது பி.எச். அளவை உயர்த்தாது. கால்சியம் இருக்கிறதே, சுண்ணாம்புக்குப் பதிலாகப் போடலாம் என்று அமெரிக்கத் தீவனத் திட்டுகளிலும் சிலர் அதைத் தூவுவதுண்டு. செலவுதான் மிச்சம்.

வேரில் நடப்பது

பி.எச். அளவுகோல் மடக்கை அளவுகோல். 6 என்பது 5 ஆகக் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியதாகப் பொருள். ஆனால் பயிரை முக்கியமாக வதைப்பது ஹைட்ரஜன் அயனி அல்ல, அலுமினியம். களிமண் கனிமங்களுக்குள் தீங்கின்றி அடங்கிக் கிடக்கும் அலுமினியம், பி.எச். 5.5க்குக் கீழே இறங்க இறங்கக் கரைசலுக்கு வருகிறது. வேர் நுனி வளர்வது நின்று, வேர் தடித்துக் குட்டையாகிறது. மேல் மண்ணுக்குக் கீழே இறங்காத வேர், இரண்டு வாரம் மழை தவறினால் செடியைக் காப்பாற்றாது. பயிர் காய்ந்ததற்கு வறட்சியே காரணம் என்று எழுதப்படும் பல தோல்விகளின் அடியில் இந்தக் குட்டை வேர் இருக்கிறது.

மணிச்சத்துக்கும் இதே கதி. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உரம் மண்ணில் இருக்கும், பயிருக்குக் கிடைக்காது. பி.எச். இவ்வளவு குறைந்தால் உரத்தில் இத்தனை சதவீதம் வீண் என்று துல்லியமான எண்களோடு ஓர் அட்டவணை வேட்டைக்காரர்கள் நடுவே பரவலாகக் கைமாறுகிறது. திசை சரிதான், எண்களை நம்ப வேண்டியதில்லை. இரும்பு நிறைந்த செங்களியும் கடலோர மணலும் ஒரே சதவீதத்தில் நடந்துகொள்ளா.

குளோவர், குதிரைமசால், தட்டைப்பயறு போன்ற பயறு வகைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக்கொடுக்கிறது. அந்த வேலைக்கு வேண்டிய நொதியில் மாலிப்டினம் உண்டு. மற்றப் பல நுண்ணூட்டங்களுக்கு மாறாக, மாலிப்டினம் அமில மண்ணில் குறைவாகவே கிடைக்கிறது. பாக்டீரியாவும் அமிலத்தில் பெருகத் தயங்குகிறது. குளோவர் வெளிறுவது இதனால்தான். மானுக்குப் புரதம் தரவென்று விதைத்த பயிரே தழைச்சத்தின்றிப் பட்டினி கிடக்கிறது.

கண்டறிந்த கதை

சுண்ணாம்பு இட்டால் களைத்த நிலம் தேறும் என்பது பழைய அனுபவ அறிவு. தென் மாநிலங்களில் அதற்குக் காரணம் தேடி முறையாக எழுதியவர் வர்ஜீனியாவின் எட்மண்ட் ரஃபின். ஹம்ப்ரி டேவியின் வேளாண் வேதியியல் நூலைப் படித்து, மண்ணில் அமிலம் இருப்பதாலேயே எரு பலிக்கவில்லை என்று ஊகித்தார். 1818இல் ஜேம்ஸ் ஆற்றங்கரைப் பண்ணையில் மார்ல் எனப்படும் சிப்பிச் சுண்ணாம்பு மண்ணை வெட்டிப் போட்டுப் பார்த்தார். 1832இல் அவருடைய நூல் வெளிவந்தது. டன் டன்னாக அந்த மார்லை வெட்டியவர்களும் சுமந்தவர்களும் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள். அடிமை முறையைக் காக்கவென்றே தென் மாநிலங்கள் பிரிந்துபோக வேண்டும் என்று பின்னாளில் ரஃபின் முன்னின்று முழங்கினார். தென்னகத்து மண்ணியல் வரலாற்றில் இந்த இரண்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

அலபாமாவின் ஆபர்ன் நகரில் 1911இல் தொடங்கிய கல்லர்ஸ் சுழற்சிப் பரிசோதனை இன்னும் நடக்கிறது. அங்கே எல்லா உரமும் பெற்றுச் சுண்ணாம்பு மட்டும் பெறாத ஒரு பாத்தி உண்டு. பக்கத்துப் பாத்தியில் பயிர் நிமிர்ந்து நிற்க, இதில் விளைச்சல் இல்லை என்றே சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856 முதல் நடக்கும் பார்க் கிராஸ் புல்வெளிப் பரிசோதனையிலும் இதையே காணலாம். அங்கே சுண்ணாம்பின்றி அம்மோனியம் சல்ஃபேட் மட்டும் பெற்றுவந்த பாத்திகளில் பி.எச். 4க்கும் கீழே போய், பல வகைச் செடிகள் இருந்த புல்வெளி ஓரிரு புல்லினங்களாகச் சுருங்கிவிட்டது. தீவனத் திட்டு வைக்க நினைப்பவருக்கு ஒரு நூலைவிட இந்தப் பாத்திகளின் ஒரு புகைப்படம் அதிகம் சொல்லும்.

அளக்கும் கருவி பின்னால் வந்தது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் பி.எச். அளவுகோலை 1909இல் வகுத்தார். கலிஃபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க ஆர்னல்ட் பெக்மன் 1934இல் செய்த மின்னணு மீட்டர், ஆய்வகங்களில் அந்த அளவை அன்றாடக் காரியமாக்கியது.

மண் எடுப்பது

மீட்டர் எவ்வளவு நல்லதானாலும் பையில் வந்த மண்ணைத்தான் அது அளக்கும். திட்டின் ஓரத்தில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு அனுப்பினால் கிடைப்பது அந்தக் கைப்பிடியின் பி.எச். ஓர் ஏக்கர் திட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பதினைந்து இருபது இடங்களில் மண் எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் இலைச் சருகை விலக்கிவிட்டு, உழும் ஆழத்துக்கு, அதாவது ஆறு அங்குலம் வரை, ஒரே சீராகக் குழாய்த் துரப்பணத்தாலோ மண்வெட்டியாலோ எடுத்துப் பிளாஸ்டிக் வாளியில் கலக்க வேண்டும். துத்தநாகம் பூசிய வாளி வேண்டாம், அறிக்கையில் இல்லாத துத்தநாகம் இருப்பதாக வரும். கலந்ததில் அரை லிட்டர் அளவு ஆய்வகத்துக்குப் போதும்.

தீவனத் திட்டுக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு. மரம் வெட்டி ஏற்றிய களங்கள் பிறகு திட்டுகளாக மாறுவது வழக்கம். அங்கே லாரிகள் ஏறி மேல் மண் சிதைந்து அடி மண் வெளிப்பட்டிருக்கும். மரக்குப்பை எரித்த இடத்தில் சாம்பல் கிடந்து பி.எச். அளவுக்கு மீறி உயர்ந்திருக்கும். அத்தகைய இடத்து மண்ணை மற்ற மண்ணோடு கலந்தால் சராசரி நன்றாகத் தோன்றும், திட்டு முழுதும் தவறான அளவு சுண்ணாம்பு போகும். மேடும் பள்ளமும், மணலும் களியும் உள்ள இடத்தில் தனித்தனிப் பை அனுப்புவதே சரி.

எப்போது எடுப்பது என்பதும் எண்ணை மாற்றும். வறண்ட கோடையில் உர உப்புகள் மேல் மண்ணில் தேங்கி பி.எச். அளவைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். மழைக்காலம் கழிந்ததும் எடுத்தால் கூடுதலாகக் காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே பருவத்தில் எடுத்தால்தான் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வகம் இந்த உப்புத் தொல்லையைத் தவிர்க்கவே நீருக்குப் பதிலாக மெல்லிய கால்சியம் குளோரைடு கரைசலில் அளக்கிறது. அதில் வரும் எண் நீரில் அளப்பதைவிட அரைப் புள்ளிக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருக்கும். இரண்டு ஆய்வகங்களின் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து மண் கெட்டுவிட்டது என்று பதறுவதற்குமுன் எந்த முறையில் அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவு விலைக் கம்பி மீட்டர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரம் மாறினால் அவற்றின் முள்ளும் மாறுகிறது. நிறம் காட்டும் கிட் அதைவிட மேல். ஆனால் அதுவும் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தரும்.

இரண்டாவது எண்

இறைத்தால் கிணற்று நீர் இறங்குகிறது, ஊற்று அதை மீண்டும் நிரப்புகிறது. மண் கரைசலில் உள்ள அமிலம் கண்ணுக்குத் தெரியும் கிணற்று நீர். களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜனும் அலுமினியமும் ஊற்று. பி.எச். மீட்டர் நீர் மட்டத்தைச் சொல்கிறது, ஊற்றின் வலிமையைச் சொல்வதில்லை. சுண்ணாம்பு போட வேண்டிய அளவைத் தீர்மானிப்பதோ ஊற்று. பி.எச். 5.2 காட்டும் கடலோர மணல் மண்ணுக்கு ஏக்கருக்கு ஒரு டன் சுண்ணாம்புக்கல் போதுமானதாக இருக்கும்போது, அதே 5.2 காட்டும் களிப்பாங்கான மண்ணுக்கு மூன்று டன் தேவைப்படலாம்.

இதை அளக்க ஆய்வகங்கள் தாங்கல் கரைசலைப் பயன்படுத்துகின்றன. பி.எச். தெரிந்த ஒரு கரைசலை மண்ணோடு கலந்து, அந்தக் கரைசலின் பி.எச். எவ்வளவு இறங்கிற்று என்று பார்க்கிறார்கள். அதிகம் இறங்கினால் மண்ணில் ஒளிந்திருக்கும் அமிலம் அதிகம். ஓஹையோவில் 1961இல் வகுத்த எஸ்.எம்.பி. முறை 7.5 பி.எச். கொண்ட கரைசலில் தொடங்குகிறது. நிறையச் சுண்ணாம்பு கேட்கும் கனத்த மண்ணுக்கு ஏற்றது அது. தென்கிழக்கின் மெல்லிய மண்ணில் அதன் முள் போதிய அளவு அசையாது. அதனால் ஆபர்னின் ஆடம்ஸும் எவன்ஸும் 1962இல் 8.0 பி.எச். கொண்ட வேறொரு கரைசலை உருவாக்கினார்கள். வட கரோலினாவில் மெலிக் 1976இல் தம் முறையைத் தந்தார். பழைய கரைசல்களில் குரோமேட், நைட்ரோஃபீனால் போன்ற நச்சுப் பொருள்கள் இருந்தன. அவற்றை நீக்கியும் அதே விடை தரும் புதிய கரைசல்கள் இந்த நூற்றாண்டில் வந்திருக்கின்றன.

அறிக்கை கையில் வந்ததும் பலர் தடுமாறும் இடம் இதுதான். மண் பி.எச். 5.3 என்று ஒரு கட்டத்திலும், தாங்கல் பி.எச். 7.7 என்று பக்கத்துக் கட்டத்திலும் அச்சாகியிருக்கும். 7.7ஐப் பார்த்து மண் காரமாக இருக்கிறது என்று எண்ணிச் சுண்ணாம்பை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது எண் மண்ணுடைய பி.எச். அல்ல. கரைசல் 8.0இலிருந்து 7.7க்கு இறங்கியிருக்கிறது, அந்த இறக்கமே சுண்ணாம்புத் தேவை.

எந்தப் பயிர் விதைக்கப் போகிறீர்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதை வெறுமையாக விடக் கூடாது. குதிரைமசாலுக்கு 6.5க்கு மேல் வேண்டும், பெரும்பாலான குளோவருக்கு 6.0 முதல் 6.5, ரை தானியத்துக்கு அதைவிடக் குறைந்தாலும் பரவாயில்லை. இலக்கு தெரிந்தால்தான் ஆய்வகம் டன் கணக்கைச் சொல்ல முடியும்.

சுண்ணாம்பின் தரம்

எல்லாச் சுண்ணாம்பும் ஒன்றல்ல. தூய கால்சியம் கார்பனேட்டின் நடுநிலையாக்கும் மதிப்பை 100 என்று வைத்தால் தூய டோலமைட் ஏறக்குறைய 108, நீற்றிய சுண்ணாம்பு 135, சுட்ட சுண்ணாம்பு 178. மரச் சாம்பல் தூய கால்சியம் கார்பனேட்டின் மதிப்பில் பாதியும் எட்டாமல் போகலாம். சுட்டதும் நீற்றியதும் வேகமாக வேலை செய்யும். ஆனால் தோலையும் கண்ணையும் பொசுக்கும், அளவு மீறினால் முளையையும் கருக்கும். காட்டுக்குள் கையால் தூவுகிறவருக்கு அரைத்த சுண்ணாம்புக்கல்லே பாதுகாப்பு. மக்னீசியம் குறைந்த மணல் மண்ணுக்கு டோலமைட் ஏற்றது, அதை அறிக்கையே சொல்லிவிடும்.

தூய்மையைவிட நுண்மை பெரிதாகப் பேசப்பட வேண்டிய ஒன்று. கார்பனேட் நீரில் எளிதில் கரையாது, மண்ணைத் தொடும் பரப்பில் மட்டுமே வேலை செய்யும். அங்குலத்துக்கு 60 கண் உள்ள சல்லடையில் நழுவும் மாவு ஏறக்குறைய ஓராண்டில் வேலையை முடித்துவிடும். 10 கண் சல்லடையில் நின்றுவிடும் பரல் பல ஆண்டுகள் ஆனாலும் பெரும்பாலும் பரலாகவே கிடக்கும். சாலைக்குப் போடும் சுண்ணாம்புக்கல் ஜல்லித் தூள் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் அமிலம் அப்படியே இருக்கும்.

பையில் வரும் குருணைச் சுண்ணாம்பு, மாவாக அரைத்ததைக் கரையும் பசையால் உருட்டியது. தூசி பறக்காது, உரத் தூவியில் எளிதாக ஓடும். ஒரு பை ஒரு டன்னுக்குச் சமம் என்று அதற்கு விளம்பரம் நடக்கிறது. இதைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். கால் ஏக்கர் திட்டுக்கு ஏக்கருக்கு ஒரு டன் வீதம் பரிந்துரை வந்தால் தேவை 500 பவுண்டு, 40 பவுண்டுப் பைகளில் பன்னிரண்டரைப் பை. குருணை நுண்மையாக அரைத்தது என்பதற்காகக் கொஞ்சம் குறைக்கலாம், இரண்டு பையாக்கிவிட முடியாது. குருணைக்குள் இருப்பதும் அதே கார்பனேட்தான். நீரில் கலந்த திரவச் சுண்ணாம்பும் இப்படியே: வேகம் உண்டு, அதில் பாதி நீர், பலன் நீடிக்காது.

மொத்தச் சுண்ணாம்பு மலிவு, ஆனால் அதைக் கொண்டுவரும் லாரி பைன் காட்டுக்குள் திரும்ப இடம் வேண்டும். முழு லோடு வாங்கினால்தான் வருவார்கள். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து ஒரு லோடு வாங்கி, ஓரத்தில் கொட்டி, டிராக்டர் தூவியில் பகிர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடு. எட்டாத திட்டுகளுக்குப் பையைத் தவிர வழியில்லை.

ஆழமும் காலமும்

பரிந்துரைக்கும் டன் அளவு, ஆறு முதல் எட்டு அங்குலம் வரை சுண்ணாம்பு கலக்கப்படும் என்று எண்ணிப் போட்ட கணக்கு. சிறிய வண்டியில் இழுக்கும் வட்டுக் கலப்பை மூன்று அங்குலம்தான் கிளறும் என்றால், முழு அளவையும் அந்த மூன்று அங்குலத்தில் கலப்பது இரட்டிப்பு மருந்து. அப்போது பாதி போட்டு, அடுத்த ஆண்டு அளந்துவிட்டு மீதியைப் போடுவது நல்லது. உழாமல் மேலே தூவினால் சுண்ணாம்பு ஆண்டுக்கு ஓர் அங்குலம் இறங்கினாலே அதிகம். புதிதாகத் திட்டு அமைக்கிறவருக்கு மண்ணைக் கிளறும் ஒரே வாய்ப்பு தொடக்கத்தில்தான் வரும். சரிவில் அரிப்பைத் தடுக்கப் பின்னால் உழாமல் விதைப்பதாக இருந்தால், அந்த முதல் உழவிலேயே சுண்ணாம்பை முழு ஆழத்துக்குக் கலந்துவிட வேண்டும்.

விதைப்புக்கு ஆறு மாதம் முன்பே போட்டால் பலன் தெரியும். செப்டம்பரில் விதைக்க மார்ச்சில் சுண்ணாம்பு, அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே மண் மாதிரி. வட கரோலினாவின் மாநில ஆய்வகம் மாநிலத்தாருக்கு ஆண்டின் பெரும்பகுதி மண் பரிசோதனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை, குளிர்கால நெருக்கடி மாதங்களில் மட்டும் சிறு கட்டணம். இலையுதிர் காலத்தில் அனுப்புவதற்கு இது இன்னொரு காரணம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும். மணல் மண்ணில் மழை வேகமாகக் கழுவும், அங்கே இடைவெளி குறைய வேண்டும்.

அதிகம் போட்டால் என்ன கேடு என்று கேட்பவர்களுக்குக் கடலோரச் சமவெளியின் சோயா வயல்கள் பதில் சொல்லும். ஊற்று வலுவற்ற அந்த மணலில் பி.எச். எளிதில் 7ஐ நோக்கி ஏறிவிடுகிறது, மாங்கனீசு கிடைக்காமல் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் நிற்கிறது. ஏறிய பி.எச். அளவை இறக்குவது ஏற்றுவதைவிடக் கடினம்.

மண்ணையா, பயிரையா?

ஆய்வு நூல்களைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்படுவது, எல்லாத் திட்டையும் 6.5க்கு உயர்த்த வேண்டியதில்லை என்பது. ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டும் தீவனம் வேண்டும், லாரி எட்டாது, குத்தகை மூன்றாண்டில் முடிகிறது என்றால் ரை, ஓட்ஸ், பக்வீட், அயர்ன் அண்ட் கிளே தட்டைப்பயறு போன்ற தாங்கும் பயிர்களைத் தேர்ந்தெடுத்துச் சுண்ணாம்பை மிதமாக இடுவதே அறிவு. தட்டைப்பயறும், கோடைத் தீவனத்துக்கு அங்கே விதைக்கும் லேப்லேப் என்ற நம் மொச்சையும், குதிரைமசாலைவிட அமிலத்தைப் பொறுத்துக்கொள்ளும். தமிழ் வாசகருக்கு இவ்விரண்டும் சமையலறையில் பழகிய இனங்கள். ஆண்டுக்கணக்கில் நிற்கும் வெண்குளோவர் வேண்டுமென்றால் மட்டும் முழுச் செலவுக்குத் துணிய வேண்டும், அப்போது அரைகுறை கூடாது.

கொம்பு பெரிதாவதற்காகச் சுண்ணாம்பு என்ற பேச்சையும் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். கொம்பில் கால்சியமும் பாஸ்பரசும் இருப்பது உண்மை. கொம்பு வளரும் மாதங்களில் மான் தன் விலா எலும்புகளிலிருந்தே கனிமத்தைக் கடன் வாங்குகிறது. ஆனால் நிலத்தில் இட்ட சுண்ணாம்பு நேரே கொம்புக்குப் போவதில்லை, அது தீவனத்தின் அளவையும் புரதத்தையும் உயர்த்துகிறது, அவ்வளவே. மிசிசிப்பியில் டெல்டாவின் வளமான வண்டல் மண்ணில் வாழும் கடா மான்கள், தெற்கே கடலோரச் சமவெளியின் மெலிந்த மண்ணில் வாழ்பவற்றைவிட உடலாலும் கொம்பாலும் பெரியவை என்று அம்மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மெலிந்த மண்ணிலிருந்து பிடித்த மான்களின் சந்ததிக்கு நல்ல தீவனம் கொடுத்து வளர்த்தபோது தலைமுறை போக்கில் அந்த வேறுபாடு குறைந்தது. மண்ணுக்கும் மானுக்கும் உள்ள உறவுக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் டெல்டா என்பது பெருவெளியாகப் பரந்த சோயா வயல்களும் வண்டலும் சேர்ந்தது. காட்டின் நூறில் இரண்டு மூன்று பங்கு நிலத்தில் சுண்ணாம்பு இட்டுக் கடலோரச் சமவெளியை டெல்டா ஆக்க முடியாது.

மானின் உணவில் பெரும்பங்கு இயற்கையான செடி, கொடி, தளிர், ஓக் மரக் கொட்டை. அவற்றில் பல அந்த அமில மண்ணிலேயே தோன்றி அதற்கேற்ப அமைந்தவை, அவற்றுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். ஒரு காலத்தில் 9 கோடி ஏக்கர் அளவுக்கு விரிந்திருந்து இன்று அதில் மிகச் சிறிய பகுதியாகச் சுருங்கிவிட்ட நீள் இலைப் பைன் காடுகளின் தரைச் செடிகள் அமிலமும் வறுமையும் நிறைந்த மண்ணில்தான் இத்தனை வகையாகச் செழிக்கின்றன. அங்கே கொஞ்சம் நல்ல புல்வெளி மிச்சமிருந்தால் அதை உழுது தீவனத் திட்டாக்குவது பெரிய இழப்பு. திட்டுக்கு ஏற்கெனவே சிதைந்த மரம் ஏற்றும் களமோ பழைய வயலோ போதும்.

திட்டில் மான்கள் கூட்டம் கூடுவதும் கவனிக்க வேண்டியது. 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட மான்களின் உருக்குலைவு நோய் ப்ரையான் என்ற புரதத்தால் பரவுகிறது, அது களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறது. கொட்டிவைத்த இரைக் குவியலைப் போலத் தீவனத் திட்டு மான்களை மூக்கோடு மூக்கு நெருக்குவதில்லை. ஆனாலும் நோய் உள்ள வட்டாரத்தில் ஒரு சிறு திட்டில் எல்லா மானும் வந்து குவியும்படி வைப்பதைவிட, பரவலான இடத்தில் இயற்கைத் தீவனத்தைக் கூட்டுவது மேல்.

அதற்கு வழி பெரும்பாலும் மரத்தைக் கொஞ்சம் கலைத்து வெளிச்சம் விடுவதும், கட்டுப்படுத்திய தீ வைப்பதும். ஜார்ஜியாவும் ஃபுளோரிடாவும் சந்திக்கும் ரெட் ஹில்ஸ் பகுதியில் பாப்வைட் காடையை ஆராய்ந்து 1931இல் நூல் வெளியிட்ட ஹெர்பர்ட் ஸ்டோடர்ட், தீ அந்தக் காட்டுக்கு எதிரி அல்ல என்று அப்போதே எழுதினார். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குளிர்கால முடிவில் மெல்லிய தீ ஓடிய பைன் தரையில், சில வாரங்களில் பயறு வகைச் செடிகளும் இளந்தளிர்களும் புரதத்தோடு எழுகின்றன. அங்கே அளக்கப் பி.எச். மீட்டரும் வேண்டாம், சுமக்கப் பையும் வேண்டாம். தீவனத் திட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஒரே ஒரு திட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் மண்ணை முறையாக எடுத்து, இரண்டு எண்களையும் படித்து, ஆறு மாதம் முன்பே சுண்ணாம்பைக் கலந்து விதைக்கும்படி நிலக்காரர்களிடம் நான் கேட்டுக்கொள்வேன்.